பட்டம் தொடர்பான கோரிக்கை

கல்முனையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. யூன் பிறந்தால் கச்சான் காற்று மேற்கே இருந்து கிளம்பி, காயப்போட்ட உடுப்பையெல்லாம் அடுத்த வளவுக்குக் கொண்டு சேர்க்கும். பஞ்சம் இடத்துக்குத்தான். கல்லூரிப் பட்டக் கழகத்தில் பதினாலு பேர், பத்தொன்பது பட்டம். ஏற்றிப் பறக்கவிட ஒரு வெளி கிடையாது. செயலாளர் றிஸ்மி அதை நினைத்தே மெலிந்துபோனான் என்று அவன் உம்மா சொல்லுவா. அவன் முதலிலிருந்தே மெலிவுதான்.

கடற்கரைக்குப் போனார்கள். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. நூல் அறுந்தால் பட்டம் பர்மாக்காரனுக்குத்தான். மூன்று பட்டத்தை அப்படி அனுப்பிவைத்தார்கள். மைதானத்தில் கிரிக்கெட்காரர்கள் விடவில்லை. மாவடிப்பள்ளி வயல் பக்கம் போனால், வயல்காரர் சீனிமுகம்மது போடியார் வரம்பில் நின்று, "கண்ண மேல வெச்சிக்கிட்டு காலக் கீழ வெக்கிறீங்க. நெல்லு கதிர் வந்திரிக்கி மக்காள்" என்று மரியாதையாகத்தான் துரத்தினார். கழகத் தலைவி ஆதிலாதான் கடைசியில் ஒரு இடம் கண்டுபிடித்தாள். ஊருக்கு மேற்கே, கம்பிவேலி அடித்துப் பூட்டுப் போட்ட நாலு ஏக்கர் அரச காணி. கரண்டுக் கம்பி இல்லை, மரம் இல்லை. பகலில் ரெண்டு மாடு உள்ளே நிற்கும், அதுகள் எந்த வழியால் போனதென்று யாருக்கும் தெரியாது.

"பிரதேச செயலகக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுது" என்றாள் ஆதிலா.

றிஸ்மிக்குக் கடிதம் எழுத வராது. அவன் வீட்டில் கடிதம் எழுதுகிற ஆள் மூத்தவ, ராத்தா ஸுஹைறா. கம்பஸில் பி.ஏ. முடித்து நாலு வருசம். வேலை கேட்டுப் பதினொரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்துப் பைலில் வைத்திருக்கிறா. ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. றிஸ்மி மாதிரிக்கென்று அதில் ஒன்றை எடுத்தான். எடுத்தவன் மாதிரியோடு நின்றானா? அப்படியே பார்த்து எழுதிவிட்டான்.

'பட்டம் இருந்தும் எமக்கு ஓர் இடம் இல்லை. ஏறாத படியில்லை. எமது பட்டம் அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றது. காலம் கடந்தால் அதனால் எவருக்கும் பயனில்லை. கருணை கூர்ந்து ஓர் இடம் தந்துதவவும்.'

'எனக்கு' என்பதை 'எமக்கு' ஆக்கினான், 'எனது' என்பதை 'எமது' ஆக்கினான். மற்றதெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்தி வந்தது. ராத்தா என்ன வடிவாக எழுதியிருக்கிறா என்று சந்தோசப்பட்டு, மூங்கில் பட்டத்தைப் பற்றி ஒரு சொல் சேர்க்காமல், கல்லூரி முத்திரை குத்தி அனுப்பினான். புத்தி அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மறுமொழி வந்தது. 'பட்டம் தொடர்பான தங்கள் கோரிக்கை குறித்துக் கலந்துரையாட மூவர் வரவும்.' ஆயிஷா உம்மா அதை ரெண்டு தரம் வாசித்தா. மகளுக்கு வேலை வந்துவிட்டதென்று தொழுவதற்கு வுழூ எடுக்கப் போனா. ஸுஹைறா கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"மூணு பேரில ஒரு ஆளா நான் வரட்டா தம்பி? எண்ட பைலையும் ஒருக்காக் காட்டிப் பாப்பம்."

வேண்டாம் என்று றிஸ்மி எந்த வாயால் சொல்லுவது.

கந்தோரில் ஜெமீல் என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிசன், றிஸ்மி, ஆதிலா, ஸுஹைறா மூவரையும் கதிரையில் இருக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். முதல் வரியிலேயே ஸுஹைறா தம்பியைத் திரும்பிப் பார்த்தா. அவன் மேசையில் இருந்த முத்திரைகளை எண்ணினான்.

"மனசத் தொட்டிட்டு. அதுதான் கூப்பிட்ட நான்" என்றார் ஜெமீல். "எந்த வருசத்துப் பட்டம்?"

"போன மாசம் செஞ்சது சேர்" என்றாள் ஆதிலா. "நல்ல முத்தின மூங்கில்."

ஜெமீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப நீங்க வேல கேட்டு வரல்லயா?"

"காணி கேட்டு வந்த சேர். பட்டம் ஏத்த."

"வேல கேட்டது நான்" என்று ஸுஹைறா பைலை மேசையில் வைத்தா. "அந்தக் கடிதமும் என்னுடையதுதான் சேர்."

அவர் பதினொரு தாளையும் புரட்டினார். பொய் சொல்லுகிற ஆளில்லை. "புள்ள, வேல எண்ட கையில இல்ல. காணி எண்ட கையில இரிக்கி" என்றார். அதற்கொரு படிவம் இருந்தது. மாணவர்கள் கையெழுத்து வைக்க ஏலாதாம். பொறுப்புக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர், அல்லது பட்டதாரி ஒருவர் வேண்டும். காணியின் கேற் திறக்கிற நேரமெல்லாம் அவர் அங்கே நிற்கவும் வேண்டும்.

ஸுஹைறா பேனையை வாங்கினா. பெயரை எழுதி, பக்கத்தில் பி.ஏ. என்று ஆறுதலாகப் போட்டா. ஜெமீல் சாவியை நீட்டினார்.

வெளியே வந்ததும் றிஸ்மி, "என்ன மன்னிச்சிக்க ராத்தா" என்றான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"நாலு வருசத்தில எண்ட எழுத்துக்கு வந்த மறுமொழி இது ஒண்டுதான்" என்றா ஸுஹைறா. கோபமிருந்தால் தாங்கியிருப்பான். அவ குரலில் கோபமே இல்லை.

வீட்டில் ஆயிஷா உம்மா வாசலிலேயே நின்றா. கண் நேரே மகளின் கைக்குத்தான் போனது.

"சாவியெல்லாம் தந்திரிக்காங்களா?"

"ஓம் உம்மா."

"எப்ப வரச் சொன்ன?"

"நாளைக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. மகளுக்குப் பெருநாளைக்கு எடுத்த கறுப்பு அபாயாவை அலுமாரியிலிருந்து எடுத்து, மேசையில் விரித்து, ஸ்திரிக்கைப் பெட்டியைக் கரண்டில் செருகினா. றிஸ்மி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். ராத்தா அவன் கையைப் பிடித்து நிறுத்தினா. உம்மா கைமடிப்பை ரெண்டு தரம் அழுத்தி மினுக்கினா.