கடைப் பலகையில் இருந்த வசனம்

என் வாய் நீளம் என்பது இராயபுரம் முழுக்கத் தெரியும். தங்கச்சி ரெஜினாவைத் திருவொற்றியூரில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தபோதே அம்மா சொல்லிவிட்டாள், "ஜெமிமா, அந்த வூட்டுல போய் வாயத் தொறக்காத." இத்தனை வருஷம் மூடித்தான் வைத்திருந்தேன்.

ரெஜினாவின் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் மாமனார் சுப்புராஜ் கெட்ட மனுஷர் இல்லை, ஆஸ்பத்திரியில் தேம்பி அழுதவர்தான். ஆனால் எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கடைசியில் கண்டுபிடித்தார்: மருமகள் ஏதோ பாவத்தை மறைக்கிறாள். கடையின் ஆண்டு ஸ்தோத்திர ஜெபத்தில் அவள் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் அதை அறிக்கையிட வேண்டுமாம்.

"இன்னா பாவம்னு நான் சொல்றது? எனக்கே தெரியலயேக்கா," என்று ரெஜினா போனில் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபையில் ஆளாளுக்கு அவளிடம், "யோபு மாதிரி பொறுமையா இரு," என்றார்கள். அந்த யோபு அப்படி என்னதான் செய்தான், பார்த்துவிடலாம் என்று வேதாகமத்தை எடுத்தேன். பிரசங்கத்தில் அவன் கதையின் தொடக்கமும் முடிவும்தான் கேட்டிருக்கிறேன். அரைக்கிணறு தாண்டிய கதைதான். தினமும் மத்தியானம் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். அடேயப்பா! பொறுமையாம் பொறுமை! பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மனுஷன் ஆண்டவரிடமே சண்டை போடுகிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம் ஓரிடத்தில் பென்சில் நின்றது. அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். ரெஜினா வீட்டுக் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருப்பதே அதுதான்.

ஜெபத்தன்று கடைக்குள் மூட்டைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். வழக்கம்போல எல்லாரும் சேர்ந்து பலகை வசனத்தைச் சொன்னார்கள். தொடக்கம் சிறிதானாலும் முடிவு பெரிதாக இருக்கும் என்கிற வசனம். முடிந்ததும் சுப்புராஜ் மாமா திரும்பினார்.

"எந்திரிம்மா ரெஜினா. மனசத் தொறந்து சொல்லிரு. கர்த்தர் மன்னிப்பாரு."

அவள் எழப்போனாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மாமா, இந்த வசனத்த யாரு சொன்னது?"

"இது என்ன கேள்வி? கர்த்தர்தான்."

"இல்ல மாமா. யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த தோஸ்து ஒருத்தன், பில்தாத்து. அதுக்கு முன்னாடி அவன் இன்னா சொன்னான் தெரியுமா? உன் புள்ளைங்க பாவம் பண்ணிருப்பாங்க, அதான் செத்துப் பூட்டாங்கன்னான். புள்ளைங்கள பொதச்ச அப்பங்கிட்டயே சொல்றான்!"

ரெஜினாவின் புருஷன் சாலமோன் தலையைக் குனிந்துகொண்டான். மாமா என் கையிலிருந்த வேதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே படித்தார். ஒரு பக்கம் முன்னால் போனார், பின்னால் வந்தார்.

"இம்புட்டு வருசமா இதையா பலகையில போட்டு வச்சிருக்கேன்?" என்றார். "இவனக் கர்த்தர் என்ன செஞ்சாரு?"

"கோவப்பட்டாரு மாமா. அவனையும் கூட வந்த தோஸ்துங்களையும் பாத்து, என்னப் பத்தி நீங்க சரியா பேசல, யோபுதான் சரியா பேசினான்னாரு. யோபுகிட்டயே போங்க, அவன் உங்களுக்காக வேண்டிக்குவான்னு அனுப்பிட்டாரு."

மாமா எழுந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வரட்டும், எனக்கென்ன பயம்? அவர் என்னைத் தாண்டிப் போய் ரெஜினா முன்னால் பாயில் உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. எனக்காக நீ ஜெபம் பண்ணு."

குழந்தை போனதிலிருந்து அவள் ஜெபத்துக்கு வாய் திறந்ததே இல்லை. இப்போது திறந்தாள்.

"பண்றேன் மாமா. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஆண்டவர்கிட்ட கொஞ்சம் சண்ட போடணும்."

கண்ணை மூடினாள். "ஏன் ஆண்டவரே?" என்று கடையே அதிரக் கேட்டாள்.

முதல் ஆமென் சுப்புராஜ் மாமாவுடையது.