ஒரே தடவை கேட்கிற தாள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அந்தத் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குச் சூடான காது, மூன்று வாரம் ஆறவே இல்லை.

எங்களுடையது மசாலாப் பொடி கம்பெனி. திண்டுக்கல் பேகம்பூரில் பழைய தோல் கிடங்கு ஒன்றை வாங்கி ஹாஜியார் அப்துல் வாஹித் ஆரம்பித்தது. பேக்கிங் ஹாலில் பதினான்கு பெண்கள். அவர்களுக்கு நான் சூப்பர்வைசர், பெயர் ரஃபியா. என் வாய்க்குப் பயந்துதான் அங்கே வேலை நடக்கிறது என்று சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஹாஜியார் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டதால் இப்போது எல்லாம் மகன் முகமது யாசின்தான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். நல்ல பிள்ளை. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். மிளகாயில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க மெஷின் வாங்கினார், சரி. அடுத்தபடியாக ஆட்களையும் அளக்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து முகேஷ்குமார் என்று ஒருவர் கட்டுத் தாளோடு வந்து இறங்கினார். தாளில் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். 'எப்போதும்' என்பதில் தொடங்கி 'ஒருபோதும் இல்லை' என்பதில் முடியும்.

"ஒருத்தருக்குக் கூட வேலை செய்யறவங்ககிட்ட என்ன தேவைன்னு இதுல தெரிஞ்சுருமுங்க," என்றார். "சேர்ந்திருக்கோணும்னு எவ்வளவு ஆசை, அதிகாரம் பண்ணோணும்னு எவ்வளவு, பாசம் எவ்வளவு எதிர்பாக்கறாங்க, எல்லாமே நம்பரா வந்துருமுங்க. அதை வச்சு யாரை எங்க போடலாம்னு முடிவு பண்ணிக்கலாமுங்க."

"அப்ப ஜாதகம் மாதிரியா சார்?" என்றாள் பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷினில் இருக்கும் கௌசல்யா.

"ஜாதகம் இல்லீங்க, சயின்ஸுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழனி லாட்ஜ் ஓட்டல்களுக்கு மதியம் போக வேண்டிய லோடு பாதியில் நிற்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு பதினான்கு பேரும் பரீட்சை எழுதுகிறார்கள். நான் என் தாளை இரண்டு நிமிடத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஒச்சம்மாக்காவிடம் போனேன். அவளுக்குப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவாள். நான் வாசித்து, அவள் சொல்வதை நானே டிக் அடிப்பது என்று ஏற்பாடு.

ஒச்சம்மாக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பத்திரண்டு வயது. மிளகாய்க் காம்பு கிள்ளும் மேசை அவளுடையது. செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். வேனில் ஒன்றரை மணி நேரம் போக வர, மதியம் எங்களோடு அரை மணி நேரம், அவள் ஆட்களோடு பேசுவது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வீட்டில் சுவர்தான் துணை.

மதியம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்தால் அவள் மட்டும் தூக்குவாளியோடு தள்ளி மேசையோரம் உட்காருவாள். நான் கூப்பிடுவேன். "நீங்க சாப்பிடுங்கத்தா," என்பாள். மறுபடி கூப்பிடுவேன். "எனக்கு இங்கன காத்து நல்லா வருது," என்பாள். மூன்றாவது தடவை, "ஏக்கா, வாரியா, நான் வந்து தூக்கிட்டு வரவா?" என்று சத்தம் போட்டால்தான், "இவ ஒருத்தி, விட மாட்டா," என்று ஊருக்கே உபகாரம் செய்கிற மாதிரி எழுந்து வருவாள். வந்து உட்கார்ந்த பிறகு அவள் வாளியில் தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் வெஞ்சனம்தான் முதலில் காலியாகும். ஆறு வருடமாகத் தினமும் இதே கூத்து. முதல் தடவையே வந்து உட்கார்ந்தால் அது சாப்பாட்டுக்கு அலைகிற மாதிரி இருக்குமாம். கேட்டவுடன் 'சரி' என்று சொல்வது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. இது எனக்குத் தெரியாதா என்ன?

தெரியும். தெரிந்துதான் அன்றைக்குப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

"மத்தவங்க ஒரு எடத்துக்குப் போறப்ப உன்னையும் கூப்பிடணும்னு எதிர்பாப்பியா?" என்று வாசித்தேன்.

"எனக்கு எதுக்குத்தா அதெல்லாம்?"

டிக். ஒருபோதும் இல்லை.

"உன்மேல நாலு பேரு அக்கறையா இருக்கணும்னு நெனைப்பியா?"

"இந்த வயசுக்கு மேலயா? போத்தா."

டிக். வாசலில் லோடு வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் மளமளவென்று வாசித்தேன், அவள் வேணாம் வேணாம் என்றாள், நான் கோடு மேல் கோடாக இழுத்தேன். நாற்பது கேள்வியும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. செம்பட்டியில் புதிதாக எடுத்திருக்கும் கிடங்குக்கு ஒச்சம்மாக்காவைப் போட்டுவிட்டார்கள். விவசாயிகள் கொண்டுவரும் மிளகாய், மல்லி மூட்டையைப் பார்த்து வாங்கி வைக்கிற வேலை. ஒரே ஒரு ஆள்தான். தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் எதிர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "கம்பெனி சொன்னாப் போக வேண்டியதுதான்," என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன மறுநாள் நான் நேராக ஆபீஸ் அறைக்குள் நுழைந்தேன். யாசினும் முகேஷ்குமாரும் இருந்தார்கள்.

"தம்பி, எந்தக் கணக்குல அந்த அக்காவ அங்க தூக்கிப் போட்டீங்க?"

"அக்கா, அவங்களுக்கு நல்லதுதான் பண்ணிருக்கோம். வீட்டுக்குப் பக்கம். அதோட அவங்களுக்குக் கூட்டமே ஆகாது." யாசின் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "பாருங்க, எல்லாம் ஜீரோ."

முகேஷ்குமார் அவள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இவ்வளவு தெளிவா பதில் சொன்னவங்க இந்தக் கம்பெனியிலயே இல்லீங்க. ஒரு இடத்துல கூடத் தடுமாறலைங்க."

தாளைப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக நாற்பது டிக். என் பென்சில், என் கை. காது சூடாகிக் கழுத்து வரைக்கும் இறங்கியது.

"அது வாயிக்குச் சொல்ற பதிலு சார். எங்க பக்கம் மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க. திருப்பிக் கேக்கணும்."

"வேணாம்னு சொன்னா வேணாம்னுதானுங்களே அர்த்தம்?"

இந்த ஆளிடம் என்னத்தைச் சொல்ல? செவிடன் காதில் ஊதின சங்கு. யாசினிடம் திரும்பினேன். "ஏன் தம்பி, உங்க வீட்டு விருந்துல 'பிரியாணி இன்னும் கொஞ்சம் வைக்கவா'ன்னு ஒரு தடவ கேட்டுட்டு, 'போதும்'னு சொன்னதும் தட்ட எடுத்துருவீங்களா?"

யாசின் சிரித்துவிட்டார். "அது விருந்து, அக்கா. இது ஆபீஸ்."

"ஆபீஸுன்னா ஆளு மாறிருமா?"

"சரி, நீங்க இம்புட்டு சொல்றதுனால அவங்ககிட்டயே கேட்டுருவோம்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது மணியில் ஒச்சம்மாக்கா எடுத்தாள்.

"அக்கா, அங்க தனியா இருக்கக் கஷ்டமா இருக்கா? திரும்ப இங்கயே வாரீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நல்லாத்தான் இருக்கேன்."

"நெசமாத்தானா?"

"ஆமா தம்பி. நீங்க வேலயப் பாருங்க."

போன் வைக்கப்பட்டது. "இன்னொரு தடவ கேளுங்க தம்பி, ஒரே ஒரு தடவ!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

"ரெண்டு தடவ கேட்டாச்சேக்கா. இதுக்கு மேல கேட்டா அவங்க பேச்ச நாம நம்பலன்னு ஆயிரும். அவங்களுக்கு வரணும்னா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அன்னிக்கே மாத்திடறேன்."

எழுதிக் கேட்பதாம்! பசித்தால்கூடச் சோறு என்று கேட்காத பொம்பிளை, கடுதாசி எழுதி மனுஷத் துணை கேட்பாளா? படித்தவர்களுக்கு இது ஏன் புரிய மாட்டேன் என்கிறது என்று எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. அன்றைக்கு முழுக்க என் வாயில் விழாதவர்கள் யாரும் இல்லை. கௌசல்யா பாவம், காரணமே இல்லாமல் இரண்டு தடவை திட்டு வாங்கினாள்.

மதியம் வட்டத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தது. யாரும் அதில் நகர்ந்து உட்காரவும் இல்லை. நான் இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு டிபனை மூடினேன். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வாரம் இப்படியே போனது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டுச் செம்பட்டி பஸ் ஏறினேன். நின்றுகொண்டேதான் போனேன். உட்கார இடம் இருந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன், அவ்வளவு எரிச்சல்.

கிடங்கு ரோட்டோரம், தென்னந்தோப்புக்குப் பக்கத்தில். தகரக் கூரை, எடைத் தராசு, ஈரம் பார்க்கும் மெஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒச்சம்மாக்கா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"என்னத்தா இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதான். சாப்பிட்டியா?"

"ஆச்சு."

தூக்குவாளி ஆணியில் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. மணி ஒன்றே முக்கால்.

"ஒத்தையா உக்காந்து திங்க எறங்க மாட்டேங்குது," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "சாயங்காலம் கொண்டுபோய் நாய்க்கு வெப்பேன்."

அதைக் கேட்டதும் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டேன். "திங்கக்கிழமை வேன்ல ஏறிரு, அக்கா. ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாப் போதும்னு தம்பி சொல்லிருச்சு."

"எனக்கென்னத்தா, வீட்டுக்குப் பக்கம். நல்லாத்தான் இருக்கு."

"ஏறுக்கா."

"என் மேசைக்கு வேற ஆளு வந்திருக்கும்."

"ஒருத்தரும் வரல. வா போதும்."

இது மூன்றாவது தடவை. ஆறு வருடத்தில் மூன்றாவது தடவை தோற்றதே இல்லை. ஒச்சம்மாக்கா எழுந்திருக்கவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த மல்லித் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏத்தா, அன்னைக்குத் தாள வாசிச்சப்ப மட்டும் ஏன் ஒத்தத் தடவையோட விட்ட?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"தெனம் சோத்துக்கு மூணு தடவ கூப்பிடுறவ, அன்னைக்கு நாப்பது கேள்விக்கும் ஒத்தத் தடவதான் கேட்ட. நான் வேணாங்க, நீ கோடு போட. திருப்பிக் கேப்ப, கேப்பன்னு பாத்தேன். சரி, இவளுக்கும் நம்மளக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு போலன்னு நெனைச்சுக்கிட்டேன்."

மூன்று வாரமாக யாசினைத் திட்டினேன், முகேஷ்குமாரைத் திட்டினேன், அந்தத் தாளைத் திட்டினேன். தாள் ஒரே தடவைதான் கேட்கும், அதற்கு வேறு தெரியாது. தெரிந்தவள் நான். லோடு அவசரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கே கேவலமாக இருந்தது.

அவளே எழுந்து வாளியை எடுத்துத் திறந்தாள். சோறு, புளிக்குழம்பு, மொச்சை வெஞ்சனம்.

"சாப்பிடுறியா?"

"வேணாம்க்கா, சாப்பிட்டுத்தான் வந்தேன்," என்றது என் வாய், பழக்கத்தில். காலையிலிருந்து ஒரு டீ தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

"சரி," என்று வாளியை மூடினாள்.

நான் காத்திருந்தேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ரோட்டில் பஸ் போனது, லாரி போனது. மொச்சை வாசனை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டால் என்ன, ஒரு வார்த்தைதானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது கேள்விக்கும் இவள் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்!

"அக்கா, பசிக்குது," என்றேன். என் அத்தா, அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "நீ இல்லாம அங்க எனக்குச் சோறு எறங்கல. பத்து நாளாச்சு."

ஒச்சம்மாக்கா வாளியைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றைக் கவிழ்த்து, மொச்சை முழுவதையும் அதன்மேல் கொட்டி என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, "பேனா வச்சிருக்கியா?" என்றாள்.

என் பையில் பேக்கிங் ஹால் பென்சில்தான் இருந்தது, அன்றைக்கு டிக் அடித்த அதே பென்சில். மூட்டைச் சீட்டு ஒன்றைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னன்னு எழுதக்கா?"

"எனக்கு ஒத்தையா இருக்க முடியலன்னு எழுது."

நான் திருப்பிக் கேட்கவில்லை. அப்படியே எழுதினேன். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.