நடுவர் எழுதி எடுத்துப்போன தீர்ப்பு

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் அயோக்கியத்தனம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் நடை அழகில் மறைத்துவிடுவேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன மாதம் திண்டுக்கல்லில், ஒரு கல்யாண மண்டபத்தில், ‘நிலாமழை’ இன்னிசைக் குழுவின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. அதில் ஒரு பட்டிமன்றம். தலைப்பு: அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் இசையைப் பெரிதும் வளர்த்தவர் எல்விஸ் பிரெஸ்லியா, சக் பெரியா? சிரிக்காதீர்கள். மாமியாரா மருமகளா என்று எத்தனை தடவைதான் பேசுவது?

நடுவர் நான். தீர்ப்பை மூன்று நாள் முன்பே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று விழா நடத்துகிறவர் முன்கூட்டியே சொல்வதும், நான் தலையாட்டுவதும் எனக்குப் பழகிப்போன விஷயம். அதுவரை அதனால் யாருக்கும் சேதமில்லை என்று நினைத்திருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘சிறுமலையிலிருந்து இறங்கி வந்த காற்று பிரிஸ்கில்லாவின் கிதார் கம்பிகளை மெல்ல—’

வேண்டாம். மண்டபத்தில் ஏசி ஓடியது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

இரண்டாவது: ‘பிரிஸ்கில்லா பாவப்பட்ட ஒரு—’

இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. வெட்டிவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். பிரிஸ்கில்லாவுக்கு நாற்பத்தாறு வயது. சர்ச் பாடகர் குழுவில் கிதார் பழகியவர். பத்தொன்பது வருடமாக நிலாமழையில் வாசிக்கிறார், டிரம்ஸுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில். முன்னால் வெளிச்சத்தில் சிவப்புக் கிதாரோடு நிற்பவர் குழுத் தலைவர் நாச்சிமுத்து. அந்தச் சிவப்புக் கிதாரின் சத்தம் எப்போதும் பூஜ்யத்தில் இருக்கும். ஜனங்கள் கேட்பது பிரிஸ்கில்லாவின் வாசிப்பை, கை தட்டுவது நாச்சிமுத்துவைப் பார்த்து. குழுவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசியதில்லை.

நாச்சிமுத்து ஓய்வெடுக்கப் போகிறார். இனி முன்னால் நிற்கப்போவது யார் என்று அந்த விழாவில் அறிவிப்பதாக இருந்தது. தன்னைத்தான் கூப்பிடுவார் என்று பிரிஸ்கில்லா நம்பியிருந்தார். எனக்கு முன்பே விஷயம் தெரியும். நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் போட்டிருந்தார்.

“ஏனுங்க சார், சக் பெரின்னே முடிச்சுடுங்க. கிதாரோட முன்னால வந்து நின்ன ஆளுன்னு நாலு வார்த்தை சேத்துச் சொல்லுங்க. அந்தச் சூட்டோட நான் மேடையேறி எங்கண்ணன் மகன் மதன்குமார் கையில கிதாரைக் குடுத்துடறனுங்க.”

சரி என்றேன். (‘தயங்கியபடி சரி என்றேன்’ என்று முதலில் எழுதியிருந்தேன். தயங்கவில்லை.)

3

பிரிஸ்கில்லா சக் பெரி அணியின் கடைசிப் பேச்சாளர். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு தொடங்கினார்.

“நடுவர் அவர்களே, சக் பெரி பெரிய ஆளுதான், மறுக்கல. ஆனா அவரும் எல்விஸும் சின்னப் பிள்ளைகளா இருக்கையிலேயே ஒரு பொம்பள கிதாரோட நின்னு சாமி பாட்டு ரெக்கார்டு குடுத்துட்டா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல. பேரு சிஸ்டர் ரோசெட்டா தார்ப். பொறகு எலெக்ட்ரிக் கிதார எடுத்து அவ வாசிச்ச வாசிப்பத்தான் நாம இன்னைக்கு ராக் அண்ட் ரோல்ங்கிறோம். செத்துப்போயி முப்பது வருசத்துக்கு மேல அவ கல்லறையில பேரு வெட்டுன கல்லுகூட இல்ல.”

மணி அடித்தேன். தலைப்பில் இல்லாதவரைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன்.

“தலைப்பப் போட்டது யாரு சார்?”

கூட்டம் சிரித்தது. நான் மறுபடி அடித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, சக் பெரி என்று வாசித்தேன். நாச்சிமுத்து மேடையேறினார். சிவப்புக் கிதார் மதன்குமாரின் தோளுக்குப் போனது. பிரிஸ்கில்லாவும் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

(ஓரக்குறிப்பு: தார்ப் ஒருவர்தான் என்று எழுதினால் அதுவும் அவசரத் தீர்ப்புதான். லிட்டில் ரிச்சர்ட் இருக்கிறார், ஃபேட்ஸ் டாமினோ இருக்கிறார், பெயரே தெரியாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எந்த இசையும் ஒரே ஆளால் வளர்ந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எல்லோரும் சேர்ந்து வளர்த்தது’ என்று சொல்லும்போது முதலில் காணாமல் போவது யார் பெயர் என்று கவனியுங்கள்.)

4

பரிகாரமாக ஒரு கதை எழுதினேன். அதில் நடுவர் தாளைக் கிழித்துப் போட்டு, தார்ப் என்று தீர்ப்புச் சொல்கிறார். மண்டபமே எழுந்து நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு நாகல் நகரில் பிரிஸ்கில்லா வீட்டுக்குப் போனேன். கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. மேடையில வாயத் தொறக்காம இருந்துட்டு, கதையில வந்து என்னைய ஜெயிக்க வச்சா எனக்கு என்ன பிரயோசனம்?”

இரண்டாவது முடிவு வைத்திருந்தேன். பிரிஸ்கில்லா விலகிப்போய்த் தனிக் குழு தொடங்குகிறார்.

“நான் ஏன் சார் போகணும்? அந்தக் குழுவோட பாதிச் சத்தம் என்னோடது.”

மூன்றாவது: மதன்குமார் மனம் கேட்காமல் கிதாரைக் கொண்டுவந்து அவரிடமே கொடுக்கிறான்.

“அவன் நல்ல பயதான். ஆனா அவன் குடுத்து நான் வாங்குறதா?”

மூன்று தாள்களையும் அடுக்கி என்னிடம் நீட்டினார்.

“வார ஞாயித்துக்கிழமை வத்தலக்குண்டுல கச்சேரி. என் கிதாரோட முன்னாடி போயி நிக்கப் போறேன். மதனு வேணும்னா பக்கத்துல நிக்கட்டும். யாரு சொன்னாலும் பின்னாடி போக மாட்டேன். நீங்க வாரீகளா?”

“வந்து?”

“பேச்சக் கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டு வந்தேன்னு மைக்குல சொல்லணும். அம்புட்டுதான்.”

5

இன்று சனிக்கிழமை. நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

“உள்ளதுதானுங்க சார். அந்தப் புள்ள இல்லாட்டி நிலாமழையே இல்லீங்க. ஆனா இத்தன வருசம் கழிச்சு அதை எப்படிங்க மேடையில சொல்றது?”

நான் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். நாளை மேடைக்கு அவர் வருவாரா, வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பிரிஸ்கில்லா முன்னால் நிற்பார் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுதப்போவதில்லை. கச்சேரிக்கு முன்னாலேயே எழுதினால் அது நான் பழைய தொழிலுக்குத் திரும்பியதாக ஆகிவிடும். நாளை சாயங்காலம் வத்தலக்குண்டில் இருப்பவர்கள் வந்து பாருங்கள். முன் வரிசையில், வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக இருப்பவன் நான். ‘பிரிஸ்கில்லா, கொஞ்சம் பின்னால போம்மா’ என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால், எழுந்து மைக்கை வாங்கப் போகிறவனும் நானாகத்தான் இருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன் என்றால், இதுவரை படித்த எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். என் அருகில் வந்து தோளைத் தட்டி, எழுந்திருடா என்று சொல்லுங்கள்.