வில்லியம் ராசாவின் சவரக் கத்தி

மணிவேலுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை நெல்லிவாசல்நாட்டுக் குலசாமி கோயிலில் அவன் காதைப் பார்த்தே சனம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. எதிரே பங்காளி கோவிந்தன், ஒன்றுவிட்ட பெரியப்பா மகன்; இருவரின் தாத்தாக்களும் அண்ணன் தம்பி. இருவர் கையிலும் ஆளுக்கொரு மடக்குச் சவரக் கத்தி.

வெட்டிக்கொள்ள அல்ல. எந்தக் காலத்திலோ மலையை அளக்க வந்த வெள்ளைக்கார துரை இவர்கள் பாட்டன் ஒருவனுக்குக் கொடுத்த கத்தி ஒன்று உண்டு. வம்சத்துத் தலைப்பிள்ளைக்கு மொட்டை போடும்போது அந்தக் கத்தியால் உச்சியைத் தொட்ட பிறகுதான் முடி எடுப்பவர் வேலையை ஆரம்பிப்பார். துரை கத்தி எந்த வீட்டிலோ, அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் மொட்டை. சிக்கல் என்னவென்றால், இரண்டு வீட்டிலும் துரை கத்தி இருந்தது. பாகம் பிரிந்த நாளிலிருந்து இரு வீட்டாரும் இதைச் சொல்லியே பேச்சை முறித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் பார்த்து மணிவேலுக்கும் பேரன், கோவிந்தனுக்கும் பேரன்.

"எங்க வூட்டுதுதான் துரை கத்தி. நீ ஓரமா உக்காருடா," என்றார் கோவிந்தன்.

"கொண்டாண்ணே அதை. வயசச் சொல்றேன்."

மணிவேல் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஆள் சேரும்வரை செல்போனில் பழைய சவரக் கத்திகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. அறிவு மட்டும் மழமழவென்று இருந்தது.

கோவிந்தனின் கத்தியை விரித்து அலகின் அடிக்கழுத்தைத் துண்டால் துடைத்தான். "ஜெர்மனின்னு குத்திக் கீது. துரை ஜெர்மன்காரனாண்ணே? கத்தியில நாட்டுப் பேரு குத்துற வழக்கமே ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூறு வாக்குலதான் வந்துது. துரை வந்துட்டுப் போனது அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி. அலகு பாரு, ரெண்டு பக்கமும் கொடஞ்ச மாதிரி மெலிசு. இது உங்க தாத்தா சந்தையில வாங்கினது."

"உன்னுது?"

"கிரீடம். பக்கத்துல டபிள்யூ, ஆர். வில்லியம் ராசா காலம். விக்டோரியா ராணிக்கு முந்தி. அலகு ஆப்பு மாதிரி தடிமன். நாட்டுப் பேரே கெடையாது."

"ராசா வந்து உன் ஜீப்புல குந்திகினு சொன்னாரா?"

கோவிந்தனின் மனைவி திரௌபதி விடவில்லை. "இந்த செல்லைப் பார்த்துதான் போன வருசம் மழை வரும்னு சொன்னான். நம்பி வெதச்ச சாமையெல்லாம் கருகிப்போச்சி."

காது இன்னும் சிவந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பான். ஆனால் எதிராளியை விழுத்தினால் போதாது, புரட்டியும் பார்க்க வேண்டும் அவனுக்கு. பிடியும் போலி என்று காட்ட, கோவிந்தனின் கத்திப் பிடிக்குள் டார்ச் அடித்தான்.

கறுத்த கொம்புப் பிடி. உள்பக்கம் துருவின் தடம், அலகு வருசக்கணக்காகப் படுத்துக் கிடந்த நிழல் போல. தடம் அகலம், நுனி சதுரம். கோவிந்தனின் அலகோ ஒடுக்கம், நுனி உருண்டை. சதுர நுனி மணிவேலின் அலகுக்குத்தான். அவன் அலகோ தன் பிடிக்குள் ஒருநாளும் நேராக மடங்கியதில்லை. எப்போதும் ஒரு பக்கம் இடித்துக்கொண்டே போகும்.

கண்டது அவன் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டால் முதல் மொட்டை அவன் பேரனுக்கு. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமலிருப்பது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

"அடப் பாவிங்களா," என்றான். ஒரு ஆணியையும் கல்லையும் எடுத்தான். கோவிந்தன் தடுப்பதற்குள் இரண்டு கத்தியிலும் அலகைப் பிடியோடு சேர்க்கும் கடையாணியைத் தட்டி எடுத்தான். வில்லியம் ராசாவின் அலகைக் கொம்புப் பிடிக்குள் மடக்கினான். உறை போட்ட மாதிரி உட்கார்ந்தது.

"நெலத்தப் பிரிச்சானுங்க, மாட்டப் பிரிச்சானுங்க. கடைசில கத்தியயும் பிரிச்சிருக்கானுங்க. எங்க தாத்தாவுக்கு அலகு, உங்க தாத்தாவுக்குப் பிடி. ஆளுக்குப் பாதிய வெளிய வாங்கி மாட்டிகினு, முழுக் கத்தின்னு நம்மகிட்ட கத வுட்டுட்டானுங்க. இதுக்காண்ணே எங்கப்பன் சாவுக்கு நீ வரல?"

கோவிந்தன் எட்டிப் பிடியைப் பற்றிக்கொண்டார். பிறகு, "பிடி இல்லாம அலகு இன்னாத்துக்கு ஆவும்? பிடிதான் கத்தி," என்றார்.

"அலகு இல்லாத பிடியால உன் முதுகத்தான் சொறியணும்."

மணிவேலின் மருமகள் சரிதா எழுந்தாள். "மாமா, தண்ணி தெளிச்ச தலையோட ரெண்டு கொயந்தையும் ஒக்காந்துகினு கீதுங்க. சீக்கிரம் தொடுங்க."

கடையாணி இல்லாத கத்தி தானாக நிற்காது. கோவிந்தன் பிடியைத் தர மாட்டார், மணிவேல் அலகை விட மாட்டான். ஆக, இருவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. முகத்தை ஆளுக்கொரு திசையில் திருப்பிக்கொண்டு, கை மட்டும் ஒட்டி நின்றார்கள். அவர் தன் பேரன் இருந்த வலப்பக்கம் இழுத்தார், இவன் தன் பேரன் இருந்த இடப்பக்கம். கத்தி நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது.

கோவிந்தனின் பேரன் தும்மினான். மறுபடி தும்மினான். பிறகு ஈரத் தலையோடு, மணிவேலைப் பார்த்து, பல்லில்லாமல் சிரித்தான்.

"நாசமாப் போவ," என்றான் மணிவேல். யாரை என்று அவனுக்கே தெரியவில்லை. கையைத் தளர்த்தினான். கத்தி வலப்பக்கம் போய் அந்த உச்சியைத் தொட்டது.

"மாமா," என்றாள் சரிதா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொயந்த தும்முதும்மா. நான் இன்னா பண்ணட்டும்," என்று அவளிடமும் கத்தினான். "அண்ணே, விட்டுக்குடுத்துட்டேன்னு எவன்கிட்டயாவது சொன்ன, அலகப் புடுங்கினு போய்ட்டே இருப்பேன். இப்ப இந்தப் பக்கம் வா. கைய ஆட்டாத. என் பேரன் தலை அது."