நாலு மணி வெயில்

“இங்க கம்பு நட வேண்டாம்ப்பா. எடுத்துடு.”

பந்தல்காரன் கடப்பாரையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். பாதிக் குழி தோண்டியாகிவிட்டது.

“இங்க நட்டாத்தான் மாஸ்டர், துணி சுவர் வரைக்கும் வரும். மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கந்தான் வெயில் அடிக்கும்.”

“அடிக்கட்டும்.”

பந்தலுக்குச் சொல்லிவிட்டு வெயில் வேண்டும் என்று கேட்ட வீட்டை அவன் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் மாஸ்டரிடம்தான் அவன் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டான். மூன்று முறை டெஸ்டில் கோட்டை விட்டபோதும் முகம் சுளிக்காத மனிதர். எனவே கம்பைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டான். “கூடப் பொறந்தவங்க போனா யாருக்குத்தான் புத்தி நிதானத்துல இருக்கும்” என்று தனக்குள் சொல்வதாக நினைத்து உரக்கவே சொல்லிவிட்டுப் போனான்.

மாஸ்டரின் புத்தி நிதானத்தில்தான் இருந்தது. குழிக்கு ஓரடி தள்ளி, நீண்ட இலைகளுக்கு நடுவிலிருந்து எழும்பிய தண்டின் உச்சியில், அக்கா விதை போட்டு வளர்த்த செடியின் முதல் பூ அன்று காலைதான் விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு. தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். டேலில்லிப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். காலையில் விரிந்தது இரவுக்குள் சுருங்கிவிடும். மறுநாள் அக்கா அதைக் கிள்ளிப் போடுவாள். அவள் விரல் நுனிகளில் எப்போதும் மை கொட்டினாற்போல் ஒரு கறை இருக்கும்.

அக்கா நூல் ஆலையில் சாயப் பிரிவில் இருந்தவள். புதிதாகச் சாயம் ஏற்றிய நூலை வெயிலில் கட்டித் தொங்கவிட்டு, நிறம் நிற்கிறதா போகிறதா என்று பார்த்துச் சொல்வது வேலை. ஓய்வு பெற்றபின் அதே கண்ணோடு தோட்டத்தில் இறங்கினாள். கருஞ்சிவப்பு டேலில்லிகளிடம் ஒரு குறை உண்டு. காலையில் பட்டுத்துணி போல இருக்கும். மத்தியான வெயில் பட்டால் வெந்த தக்காளித் தோலாகிவிடும். வெயிலைத் தாங்குகிற ஒரு கருஞ்சிவப்பு வேண்டும் என்று அக்கா வருஷக்கணக்காக முயன்றாள். வெயிலுக்கு நிறம் மாறாத செங்கல் நிறப் பூவின் மகரந்தத்தை விடிகாலையில் எடுத்துக் கருஞ்சிவப்பில் தடவி, காய் வெடித்ததும் கறுப்பு விதைகளைப் பொறுக்கி முளைக்க வைப்பாள். முளைத்தது பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பூத்த பிறகு, சாயங்காலம் ஒரு வார்த்தைதான். “போச்சு.”

இந்தத் தோட்டத்தால் வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. செடிகளுக்கு மேற்கே துணிக்கொடி. மாஸ்டரின் மனைவி அதில் போர்வைகளைக் காயப் போட்டால் நிழல் நேராகச் செடிகள்மேல் விழும். ஒருநாள் அக்கா ஈரப் போர்வைகளை உருவி, மடித்து, படிக்கட்டில் வைத்துவிட்டாள். அதன்பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, “உப்பு போதுமான்னு உங்க அக்காவைக் கேளுங்க” என்பாள் மனைவி. “போதும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு” என்பாள் அக்கா. மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் டிராபிக் போலீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பார். பின்பு பேச்சு வந்தது. ஆனால் தேவைக்கு மட்டும்.

அக்கா படுக்கையில் விழுந்தபின் அவளைப் புரட்டியதும் துடைத்ததும் மனைவிதான். அப்போதும் அதே அளவான பேச்சு.

நேற்று மாலை ஜன்னல் வழியே மொட்டைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள். “நாளைக்கு விரிஞ்சுடும்.”

“வெட்டிட்டு வந்து தலைமாட்டுல வைக்கட்டுமாக்கா? தண்ணியில போட்டா இங்கயே விரியும்.”

“ரூமுக்குள்ள வெயில் அடிக்குதா? கிளட்சை விட்டா உனக்கு ஒண்ணும் தெரியாது.” மூச்சு வாங்கியது. “காலையில ஓடி வந்து அழகா இருக்குன்னு சொல்லாத. காலையில எல்லாமே அழகாத்தான் இருக்கும். நாலு மணிக்குப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு.”

“சரிக்கா.”

மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அக்காவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

விடியும்போது அக்காவின் மூச்சு நின்றிருந்தது.

தகனத்துக்கு நாலு மணிக்குத்தான் நேரம் கிடைத்தது. அதைப் போனில் கேட்டபோது மாஸ்டர் “சரி” என்றுதான் சொன்னார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வேறு நேரம் கேட்கலாம். என்ன காரணம் சொல்லிக் கேட்பது?

மூன்று மணிக்கு வண்டி வந்துவிட்டது. அக்காவைத் தூக்கி ஏற்றினார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மனைவி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏறலையா?”

“நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். விரிப்பெல்லாம் துவைக்கணும்.”

வண்டிக்குள் இருந்த சித்தி மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது. “இன்னைக்குக்கூடவா துணி? நாத்தனார் மேல அப்படி என்ன தீராத கோபம்?”

மாஸ்டருக்கும் அதுதான் தோன்றியது. வண்டிக் கதவை அவரே இழுத்துச் சாத்தினார்.

தகன மேடைக்கு முன்னால் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. முள் நாலைத் தொட்டபோது ஒருவர் வந்து, கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாஸ்டர் அக்காவின் கையைப் பார்த்தார். நன்றாகக் கழுவியிருந்தார்கள். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மட்டும் பழைய கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது. பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னவளிடம் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. கதவு மூடியது.

சித்தியை அவள் வீட்டில் இறக்கிவிட்டு அவர் திரும்பியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. பந்தல்காரன் துணியைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தான். உள்ளே போகாமல் பக்கவாட்டில் நடந்தார்.

பூ இன்னும் இருந்தது. இதழ்கள் உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தன. அந்த மங்கலில் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்தவர் அப்படியே நின்றார்.

சுவருக்கும் செடிக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலி. செடிக்குக் கிழக்கே, வெயிலைப் பார்த்தபடி. அங்கே உட்கார்ந்தால் நிழல் செடிமேல் விழாது. வெயில் முழுவதும் முகத்தில்தான் விழும். நாற்காலியின் பக்கத்தில் ஒரு வாளி. அதில் அக்காவின் விரிப்புகள் பிழிந்து முறுக்கியபடியே கிடந்தன. கொடி காலியாக இருந்தது.

மனைவி பின்கட்டிலிருந்து வந்தாள். முகம் கன்றியிருந்தது. அழுததா வெயிலா என்று தெரியவில்லை.

“நாலு மணிக்கு நிறம் அப்படியே இருந்துச்சு” என்றாள். “ஒரு இதழ்ல மட்டும் ஓரம் லேசா சுருண்டுச்சு. மத்ததுக்கு ஒண்ணும் ஆகல. அஞ்சு வரைக்கும் பாத்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“துணி அப்படியே கிடக்கு” என்றாள். “இப்பப் போடலாம்ல?”

அவர் குனிந்து வாளியிலிருந்து விரிப்பின் ஒரு முனையை எடுத்தார். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். முறுக்கைப் பிரித்து, உதறி, கொடியில் விரித்தார்கள். வெயில் போய்விட்டிருந்தது. விரிப்பின் நிழல் எங்கேயும் விழவில்லை.