தாழந்தீவுக் கிணறு

இரண்டு கேன் நிறைய லிங்கநகர்க் கிணற்றுத் தண்ணீரைத் தோணிக்குள் ஏற்றிவிட்டுத்தான் குணேஸ்வரி ஏறினாள்.

"அக்கா, பாரம் கூடினா அஞ்சு மணிக்குள்ள திரும்பேலாது. அதுக்குப் பிறகு கடல்ல நிண்டா நேவி சுடும்," என்றான் தோணிக்காரன் றஊப். சண்டைக் காலம், தோணிக்கு எஞ்சின் பூட்டத் தடை. காற்றையும் பாயையும் நம்பித்தான் பயணம்.

"தண்ணி வராட்டி நானும் வரேல்ல. அந்த உப்புத் தண்ணியால என்ர மனுசனக் கழுவ விடமாட்டன்."

அவளோடு யார் கதைத்து வெல்வது? றஊப் பாயை விரித்தான்.

மார்கழிப் புயல் தாழந்தீவைத் துடைத்தெடுத்துவிட்டுப் போனது. அங்கே இருந்தது ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதற்குள் கடல் புகுந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே அவள் புருசன் குலசிங்கம் வாளியையும் கயிற்றையும் தூக்கிவிட்டார். ஊர்க் கிணறுகளை இறைத்தே பிழைத்த மனுசன். அறுபத்திரண்டு வயது, நெஞ்சு வருத்தத்துக்குத் தினமும் குளிசை விழுங்குகிறவர் வேறு. "விசரா உங்களுக்கு? கடல இறைக்கப் போறீங்களோ?" என்று குணேஸ்வரி படலைவரை கத்திக்கொண்டு போனாள். அவர் சிரித்தார். "இறைச்சா நல்ல தண்ணி வரும், குணம்," என்றார். போய்ப் பன்னிரண்டாம் நாள், நேற்று, கிணற்றடியில் செத்துப்போனார். ஒரு உப்புக் கிணற்றுக்காக! அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பத்தரைக்குத் தீவில் இறங்கினார்கள். தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கிண்ணியாவிலிருந்து போய்க் குடியேறிய எட்டுக் குடும்பங்களும் தறப்பாள் கூரைகளுக்கு வெளியே வந்து நின்றன. நிழலில் ஒரு கட்டிலில் குலசிங்கத்தைக் கிடத்தியிருந்தார்கள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"நீங்க வராம தொடக்கூடாதெண்டு வெச்சிருக்கம் அக்கா," என்றாள் லைலா. இத்தனை நாளும் அவருக்குச் சோறு கொடுத்தவள் அவள்தான். "பம்ப் வெக்கச் சொன்னம், கேக்கல்ல. பம்ப் இழுத்தா அடியில கிடக்கிற உப்பு மேல வந்திருமாம். வாளியால மேலாலதான் அள்ளினார். பொறகு மழையும் பெஞ்சிச்சி. நேத்துக் காலையில ஒரு கை அள்ளிக் குடிச்சிட்டு, 'லைலா, பானையக் கொண்டு வா' எண்டார். நான் பானையோட வாறத்துக்குள்ள கிணத்துக் கட்டில சாஞ்சிட்டார்."

"அப்ப தண்ணி நல்லதோ?"

"அவரத் தவிர ஒருத்தரும் குடிக்கல்ல அக்கா. மொதல்ல அவரக் குளிப்பாட்டோணும். அதுக்குப் பொறகுதான் எங்களுக்கு."

குணேஸ்வரி அந்தச் சனத்தைப் பார்த்தாள். வெடித்த உதடுகள். பிள்ளைகளின் கண்ணெல்லாம் அவளுடைய கேன்களில் இருந்தது. நேற்றிலிருந்து பக்கத்தில் கிணற்றை வைத்துக்கொண்டு இப்படி நின்றிருக்கிறார்கள். என்ன மனிதர்கள் இவர்கள்! அவருக்கேற்ற ஆட்கள்தான்.

"இதப் பிள்ளையளுக்குக் குடுங்கோ," என்று இரண்டு கேனையும் தள்ளிவிட்டாள். "அவருக்குக் கிணத்துத் தண்ணியே வார்ப்பம்."

முதல் வாளியை அவள் வார்த்தாள். மிச்சத்தை ஆண்கள் வார்த்துச் சேற்றைத் தேய்த்துக் கழுவினார்கள். கையில் பட்ட தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. உப்பாக இருந்துவிட்டால்? அந்த மனுசன் சும்மா செத்ததாகிவிடுமே. தெரியாமலே இருக்கட்டும் என்று, வீட்டில் அவருக்கு வார்க்கப் பிள்ளைகள் காலியாக்கிய ஒரு கேனில் கால்வாசி நிரப்பிக்கொண்டு, சனம் பானையோடு கிணற்றடிக்கு வருமுன் அவரையும் ஏற்றிக்கொண்டு தோணியில் ஏறிவிட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க நேவிப் படகு மறித்தது. அவரைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைப் பார்த்த நேவிக்காரன் தொப்பியைக் கழற்றினான். பிறகு கேனைக் கண்டான்.

"என்ன இது? பெற்றோல்?"

"தண்ணி."

"குடிங்க பாப்பம்."

குணேஸ்வரி குலசிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் ஏந்தினாள். றஊப் கேனைச் சரித்தான். ஒரு மிடறு விழுங்கினாள். உப்பில்லை. துளி உப்பில்லை. மறுபடியும் கையை ஏந்தினாள்.

"சரி, போதும் அம்மா," என்றான் நேவிக்காரன்.

அவள் கையை எடுக்கவில்லை. றஊப் ஊற்றிக்கொண்டே இருந்தான்.