மூன்றாவது பாட்டில் ஒரு கடகட

தங்கை கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய எலக்ட்ரானிக் இசை ஆல்பத்தை அண்ணனுக்கு அனுப்பி ஒரு மாதமாகிறது. அன்றைக்கே "கேட்டேன், பிரமாதம்" என்று கை கூசாமல் பதில் போட்டுவிட்டான். கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஏது நேரம் என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டான். இன்று மதியம் அவளே பட்டறைக்கு வருகிறாளாம். நாளை வெளியிடுவதற்கு முன் அவன் வாயால் நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். கையைத் துடைத்துவிட்டு இயர்போனை மாட்டினான்.

முதல் பாட்டில் பாட்டே இல்லை. காற்று மாதிரி ஏதோ எழும்பி அப்படியே நின்றது. எப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தான்; எட்டு நிமிடம் ஓடி முடிந்துவிட்டது. இரண்டாவதிலும் அதே கதை. இயர்போன்தான் போய்விட்டதோ என்று கழற்றி ஊதிப் பார்த்தான். இதற்கா இவள் வருடக்கணக்கில் கண் விழித்தாள்? ஆனாலும் ஸ்பேனரை எப்போது கீழே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவதில் ஓர் உறுமல். அதன் அடியில் கடகட, கடகட. அப்பாடா, இது புரிந்தது! கம்ப்ரசர் ஓடுகிறது, அதைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்து இரும்பு இரும்பில் இடிக்கிறது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் தனியாகச் சிரித்தான். அப்போது நடுவில் யாரோ இருமினார்கள். அப்பாவின் இருமல்.

போன வருடம், கடைசி மாதங்களில், அப்பாவின் கட்டிலருகே ஓடிய ஆக்ஸிஜன் மெஷின் அது. அதற்குள் ஓடுவதும் ஒரு கம்ப்ரசர்தான்; அந்தச் சத்தத்தைத் தங்கை பதிவு செய்து வைத்திருக்கிறாள். "ஓயாம கடகடங்குது, அப்பாவால கண்ண மூட முடியல, ஒரு தடவ வந்து பாரேண்ணா" என்று தங்கை மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும், பார்க்காமலே, "அந்த மாதிரி மெஷின் எல்லாமே அப்படித்தான் சத்தம் போடும்" என்று சொல்லித் தப்பித்தான். அந்த அறைக்குள் நுழைய அவனுக்குப் பயம். வேலை என்பது சாக்கு. ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கெல்லாம் ஓடியவனுக்குப் பெற்றவர் அறைக்கு வழி தெரியவில்லை. தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தங்கை வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பதான் கேக்கறியா?"

"ஆமா. போன மாசம் சொன்னது பொய். அதவிடப் பெரிய பொய் ஒண்ணு இருக்கும்மா. அந்த மெஷின் அப்படிச் சத்தம் போடவே கூடாது. ஒரு ரப்பர். அஞ்சு நிமிஷ வேல."

"தெரியும். அப்பா சொன்னாரு."

"அப்பாவா?"

"இதே பெஞ்சுல நாப்பது வருஷம் உக்காந்து ரிப்பேர் பாத்தவரு, அவருக்குத் தெரியாதா? வேற ஆளக் கூப்பிடவே விடல. 'ரப்பர் போயிருக்கு, அவன் வந்து மாத்திடுவான்'னாரு."

"போன்ல நான் சொன்னத அவர்கிட்டச் சொன்னியா?"

"எப்படிண்ணா சொல்றது? கேட்ட நிமிஷமே பொய்னு கண்டுபிடிச்சிருப்பாரு. நாளைக்கு வர்றானாம்ப்பான்னு தினமும் சொன்னேன். அவரும் தினமும் சரின்னாரு."